நிலுவை: ஒன்று

சிக்கமாதனப்பள்ளி ஊராட்சி
வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் வரை இருந்தது.
அதற்குப் பிறகு ஓசூர் மாநகராட்சியின் ஒரு வார்டு.
எண் இன்னும் வரவில்லை.

ஒப்படைப்புப் பட்டியலை நான்தான் தயாரித்தேன்.
வீட்டு வரிப் பதிவேடு மூன்று.
மின்மோட்டார் ஆறு, அதில் ஓடுவது நான்கு.
தீர்மானப் புத்தகம் பதினொன்று.
நூறு நாள் வேலை அட்டைகளை என்ன செய்வதென்று கேட்டேன்.
மாநகரத்தில் அந்த வேலை கிடையாது,
கட்டி மூலையில் வையுங்கள் என்றார்கள்.
இருநூற்றுப் பதினாறு பெண்களைச்
சணல் கயிற்றால் கட்டினேன்.

நான் பென்னாகரத்துக்காரி.
வேலையில் சேர்ந்த முதல் வாரம் குழாயடியில் ஒருத்தி
செப்பு, செப்பு என்று நெருக்கினாள்.
ஒன்பதாம் வகுப்புச் செய்யுளோடு
செத்துப்போனதென்று நான் நினைத்த வினைச்சொல்
இடுப்பில் குடத்தோடு எதிரே நின்று
பதில் கேட்டது.
வீட்டை இல்லு என்றார்கள்.
நாங்கள் பரணில் போட்டுவிட்ட சொல்லை
அவர்கள் தினமும் பெருக்கித் துடைத்துக்
குடியிருந்தார்கள்.

பன்னிரண்டு வருடம்.
கூட்டம் நடப்பது தெலுங்கில்.
தலைவர் முனிரத்னம்மா மேசையைத் தட்டுவார்.
கோபாலப்பா வெளிநடப்பு செய்வார்,
பீடி முடிந்ததும் வருவார்.
டேங்க் ஆபரேட்டர் யெல்லப்பா கதவோரம் நின்று
எல்லோருடைய பொய்யையும் திருத்துவார்.
தக்காளி லாரி போகிற சத்தத்தில்
பாதி வசவு அடிபட்டுப்போகும்.
எழுதுவது நான், தமிழில்:
ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

நீள்ளு ராலேது என்பது
'குடிநீர் விநியோகம் சீர்செய்யப்பட வேண்டும்' ஆகும்.
தொங்க, அதாவது திருடன்,
'ஒப்பந்ததாரர்' ஆவான்.

எங்களை இணைக்க வேண்டாம் என்ற தீர்மானத்தையும்
அப்படித்தான் எழுதி அனுப்பினேன், ஒருமனதாக என்று.
அந்த ஒருமுறை அது உண்மை.
யாரும் நம்பவில்லை.

பெயிண்டர் வந்தான்.
பெயர்ப்பலகையில் 'ஊராட்சி'யை மட்டும் அழிக்கச் சொல்லியிருந்தார்கள்.
இரண்டு கோட்டுக்குப் பிறகும்
வெள்ளைக்குள்ளே 'ட்சி' தெரிந்தது.
கூலி இதற்குமேல் தாங்காது என்று போய்விட்டான்.

மூன்றாம் வார்டு லட்சுமிதேவம்மா
ஒரு ஆடி மாதம் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.
புது லேஅவுட்டுக்குப் போகிற டேங்கர்
எங்கள் போர்வெல்லில் நிரம்புகிறது என்று அன்றைக்குப் பேச்சு.
நான் சொன்னதை நான் சொன்ன மாதிரி எழுது.
எழுதினேன், தமிழ் எழுத்தில்.
தீர்மானம் எண் முப்பத்தொன்று:
மா நீள்ளு மீரு அம்முகொனி மாகு பில்லு இஸ்தாரா?

தணிக்கையில் சிவப்பு மசி வந்தது.
பொருள் விளங்கவில்லை. விளக்கம் தேவை.

நான்கு முறை விளக்கம் எழுதினேன்.
நான்கு முறையும் அது
'குடிநீர்க் கட்டணம் குறித்து
உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்' என்று போய் முடிந்தது.
கிழித்துப் போட்டேன்.
நாலு வருடமாக நிலுவை.

புத்தகங்களை எண்ண வந்த இளநிலை உதவியாளர்
அம்பாசமுத்திரத்துப் பையன்.
பக்கம் பக்கமாகப் புரட்டி,
தகராறு ஏதும் இல்லாத ஊர் போல என்றான்.
முப்பத்தொன்றில் விரல் நின்றது.
இது என்ன மேடம்?

எங்க தண்ணிய நீங்க வித்துட்டு
எங்களுக்கே பில் போடுவீங்களா, என்றேன்.

பையன் பயந்துபோனான்.
நான் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது மேடம், என்றான்.

இல்ல தம்பி, அதோட அர்த்தம், என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

பட்டியலின் கடைசி வரியை அவனே நிரப்பினான்:
தணிக்கைத் தடை நிலுவை ஒன்று, பெற்றுக்கொள்ளப்பட்டது.
தேதி போட்டான். கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு
யெல்லப்பா வால்வைத் திறந்தார்.
அவர் இப்போது எந்த அலுவலகத்து ஆள் என்று
இன்னும் உத்தரவு வரவில்லை.